சட்டை வழியாகப் பிறந்த மகன்

அரசர் ஃபோர்துன் காட்டுப்பன்றி வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். விழுந்த இடத்தில் பாறை இருந்தது. தூக்கிக்கொண்டு வரும்போது பேச்சு இருந்தது. கோட்டையில் கொண்டுவந்து படுக்க வைத்தபின் பேச்சு நின்றது. மறுநாள் மதியத்துக்குள் உயிரும் போய்விட்டது. மகன் அஸ்னாருக்கு அப்போது ஐந்து வயது.

அர்பேசா சின்ன நாடு. பிரனீஸ் மலையின் தெற்குச் சரிவில் சில பள்ளத்தாக்குகள், அவற்றைக் காக்கும் கோட்டைகள், கோட்டைக்கு ஒரு பிரபு. இதைத்தான் நாங்கள் ராஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தெற்கே மூர்கள் என்ற முஸ்லிம் மக்களின் ஆட்சி இருந்தது. மேற்கே எங்களைவிடப் பத்து மடங்கு பெரிய ராஜ்யம் ஒன்று இருந்தது. அதை ஆண்டவர் ஃபோர்துனின் மைத்துனர், ராணி அதோசிந்தாவின் அண்ணன்.

செய்தி கிடைத்ததும் ஃபோர்துனின் தங்கை ஒனேகா மடத்திலிருந்து கழுதை மேல் வந்து சேர்ந்தாள். அவள் கன்னியாஸ்திரீ கிடையாது. எங்கள் நாட்டில் திருமணம் செய்துகொள்ளாத அரசகுமாரிக்கு மடங்களும் அவற்றைச் சேர்ந்த ஊர்களும் கொடுக்கப்படும். திருமணம் செய்துகொண்டால் எல்லாம் அரசனுக்கே திரும்பிவிடும். முப்பது வயதைத் தாண்டியும் ஒனேகா அந்த ஊர்களை விட்டுக் கொடுக்கவில்லை. கறாரானவள், கொஞ்சம் காது மந்தம், சிரித்தால் ஊருக்கே கேட்கும்.

அவளுக்கு இன்னொரு அண்ணன் இருந்தான். வெலாஸ்கோ. ஃபோர்துன் மூத்தாளின் மகன். வெலாஸ்கோவும் ஒனேகாவும் இளையாளின் பிள்ளைகள். அவர்கள் தகப்பனாரான கிழ அரசர் சாகும்போது நாட்டை இரண்டாகப் பிரித்து, தெற்குப் பள்ளத்தாக்கை வெலாஸ்கோவுக்குக் கொடுத்தார். பிரித்தவர் மண்ணுக்குள் போனதும் ஃபோர்துன் அதைத் திருப்பிக் கேட்டார். வெலாஸ்கோ கொடுக்கவில்லை. ஒரு கோடை முழுவதும் சண்டை நடந்தது. கடைசியில் வெலாஸ்கோ பிடிபட்டான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவன் கண்களைப் பறித்துவிட்டார்கள். கொன்றால் பாவம், விட்டால் ஆபத்து, கண் போனவன் அரசனாக முடியாது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. புண் ஆறும்வரை ஒனேகா அவனைத் தன் மடத்தில் வைத்துத் தானே கழுவி மருந்து வைத்தாள். அதற்குப் பிறகும் அவன் அங்கேயே தங்கிவிட்டான். அது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

அடக்கம் முடிந்ததும் பிரபுக்கள் கோட்டைக் கூடத்தில் கூடினார்கள். வறுத்த கஷ்கொட்டையும் ஆப்பிள் மதுவும் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை, லோபே பிரபுவைத் தவிர.

எல்லைக் கோட்டைகளில் பெரியவை மூன்றும் லோபேயின் கையில் இருந்தன. மனைவி இறந்தவர், நல்ல சண்டைக்காரர், பார்க்கவும் நன்றாக இருப்பார். கஷ்கொட்டையை உரித்துக்கொண்டே பேசினார்.

"பையன் ராஜாவாகக் கூடாதுன்னு யாரும் சொல்லலை. ஆனா அவன் வாளைத் தூக்கப் பத்து வருஷம் ஆகும். அதுவரைக்கும் மேற்கு ராஜா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருப்பாரா?"

ராணி அதோசிந்தா பதில் சொன்னாள். "எங்க அண்ணன் ஆள் அனுப்பியிருக்கார். பிள்ளையைத் தன் கூட வெச்சு வளர்க்கறேன்னு சொல்றார். பெரியவனானதும் அனுப்பி வெப்பார்."

"அனுப்புவார் ராணியம்மா, அனுப்புவார். பையன் இங்க வந்து எந்த ஊரை ஆளணும்னும் அவரே சொல்லி அனுப்புவார்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. ராணியின் முகம் சிவந்தது.

"அப்ப நீங்க என்னதான் சொல்றீங்க?" என்று ஆயர் சிசெனாந்தோ கேட்டார். திருச்சபையின் தலைமைக் குரு, வயதானவர், தொந்தி பெருத்தவர். கூட்டம் சீக்கிரம் முடிய வேண்டும் என்பது அவர் கவலை.

"ராஜா வீட்டு ரத்தம் இன்னொண்ணு இங்கேயே உக்காந்திருக்கு. ஒனேகாம்மா கல்யாணம் பண்ணிக்கட்டும். கட்டிக்கிறவன் நாட்டைப் பார்த்துக்கட்டும்."

"யாரைக் கட்டிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டாள் ஒனேகா.

"அதை என் வாயாலயே சொல்லச் சொல்றீங்களா?"

மறுபடி சிரிப்பு. ஒனேகாவும் சிரித்தாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. லோபே மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், மடத்துக்கு அவர் வந்துபோகும் நாட்களில் அவள் நல்ல உடுப்பாகத்தான் போட்டுக்கொள்வாள். ஆனால் லோபேக்கு வளர்ந்த மகன்கள் இருவர் இருந்தார்கள். அவர் அரியணையில் உட்கார்ந்த பிறகு அஸ்னார் என்ற பிள்ளை யாருக்குத் தேவைப்படும்? காய்ச்சலில் செத்தான் என்பார்கள், கிணற்றில் விழுந்தான் என்பார்கள்.

"புனித மார்ட்டின் திருநாள் வரைக்கும் தவணை கொடுங்க. அன்னிக்கு வந்து சொல்றேன்," என்றாள்.

பன்றி அடிக்கும் திருநாள் அது. மூன்று வாரம்கூட இல்லை.

மடத்தின் பின்பக்கம், ஆப்பிள் மரங்களுக்கு நடுவே ஒரு கல்பெஞ்சில் வெலாஸ்கோ உட்கார்ந்திருந்தான். எதிரே இரண்டு இடையர்கள் மேய்ச்சல் எல்லைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுற்று வட்டாரத்தில் தண்ணீர்த் தகராறு, ஆட்டுத் தகராறு எல்லாம் அவனிடம்தான் வரும். பொய்யைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான் என்று பேர். அது உண்மையோ இல்லையோ, அந்தப் பேருக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

இடையர்கள் போனதும் ஒனேகா பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் கன்னத்தை ஒரு பக்கம் சரியாகச் சிரைக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"புதைச்சாச்சா?" என்று கேட்டான்.

"புதைச்சாச்சு."

"நல்லா ஆழமாவா?"

"அண்ணா!"

"தினம் காலைல எந்திரிச்சதும் முதல் வேலையா அவன் சாகணும்னு ஜெபம் பண்ணுவேன். பன்னிரண்டு வருஷமா. இன்னிக்கு எந்திரிச்சு முழங்கால் போட்டேன். எதைக் கேக்கறதுன்னே தெரியலை. எந்திரிச்சு வந்து கஞ்சி குடிச்சேன்."

ஒனேகா கூடத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"லோபேயைக் கட்டிக்கோயேன். உனக்குத்தான் அவனைப் பிடிக்குமே."

"யார் சொன்னா?"

"அவன் வர்ற அன்னிக்கு நீ நடக்கறப்ப பட்டுச் சத்தம் கேக்கும்."

அவள் புல்லைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். "நீ ராஜாவா உக்காரு. அஸ்னாரைச் சுவீகாரம் எடுத்துக்கோ. உனக்குப் பின்னாடி அவன்."

வெலாஸ்கோ சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குருவிகள் பறந்தன.

"உனக்குக் காதுதான் மந்தம்னு நெனச்சேன், கண்ணும் போச்சா? என் மூஞ்சியைப் பாரு. கண்ணில்லாதவன் எப்படி ராஜாவாகறது?"

"எந்தச் சட்டத்துல அப்படி எழுதியிருக்கு? மொட்டையடிச்சுத் துறவியானவன் ஆகக் கூடாதுன்னு இருக்கு. நீ துறவி இல்லை. ஆயர்கிட்டக் கேட்டுட்டேன்."

"அந்தக் கிழவர் என்ன சொன்னார்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் யோசிக்கிறேன்னார்."

"பிரபுங்க ஒத்துக்க மாட்டானுங்க."

"ஒத்துக்குவாங்க. குருட்டு ராஜான்னா தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், நாம பார்த்துக்கலாம்னு ஒவ்வொருத்தனும் நெனைப்பான். லோபேயும் அதையேதான் நெனைப்பார். கல்யாணத்தைவிட அது அவருக்குச் செலவு கம்மி."

வெலாஸ்கோவின் முகம் மாறியது. கைத்தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. ஃபோர்துன் மகனை என் கையில கொடுக்க உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு," என்றாள் ஒனேகா.

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். உடனே மறுக்கவில்லை. எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு தன் அறை வாசல்வரை நடந்தான். அங்கிருந்து திரும்பிச் சொன்னான். "அண்ணி வந்து கேக்கட்டும். நீ கேட்டா நான் வரமாட்டேன். பெத்தவ வந்து கேக்கணும்."

ஒனேகா கோட்டைக்குத் திரும்பியபோது முற்றத்தில் கோவேறு கழுதைகள் மேல் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதோசிந்தா அண்ணனிடம் போகத் தயாராக இருந்தாள். அஸ்னாருக்குக் கம்பளிக் குல்லா போட்டு, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

ஒனேகா பெட்டிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெலாஸ்கோவைப் பற்றி மட்டும் சொன்னாள். அதோசிந்தா முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் நாத்தனாரின் தோளைப் பிடித்துச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என் புருஷன் அவர் கண்ணைப் பிடுங்கினான். அவர் மடியில என் பிள்ளையை உக்கார வெக்கச் சொல்றியா?"

"ஆமா அண்ணி."

"நீ பெத்தவளா இருந்தா இப்படிப் பேசுவியா?"

அது வலித்தது. ஒனேகா காட்டிக்கொள்ளவில்லை. "நீங்க உங்க அண்ணன்கிட்டப் போனா என்ன ஆகும்னு சொல்றேன், கேளுங்க. பிள்ளை நல்லா இருப்பான். பட்டுச் சட்டை போட்டுக்குவான், உங்க அண்ணன் பிள்ளைங்களோட விளையாடுவான். அர்பேசா அதுக்குள்ள அவங்க நாட்டுல ஒரு மாவட்டமா ஆயிடும். இவனுக்குப் பதினஞ்சு வயசாகறப்ப, ராஜா வீட்டுப் பையன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் எதுக்குன்னு உங்க அண்ணன் மகனுக்குத் தோணும். அவனும் கம்பியைக் காய்ச்சுவான். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம். உங்க வீட்டுல இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்லையா?"

நடந்திருந்தது. அதோசிந்தாவின் சித்தப்பா ஒருவர் அவர்கள் நாட்டு மடம் ஒன்றில் தடவித் தடவித்தான் நடந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் அவரைப் பார்க்கத் தன்னைக் கூட்டிப்போன அம்மா, அவரைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தது அவளுக்கு நினைவு வந்தது.

அன்று கழுதைகள் புறப்படவில்லை. மறுநாள் காலையில் அதோசிந்தா ஒனேகாவோடு மடத்துக்குப் போனாள். பிள்ளையைக் கூட்டிப்போகவில்லை.

வெலாஸ்கோ எழுந்து நின்று வரவேற்றான். இருவரும் பன்னிரண்டு வருடமாகச் சந்திக்கவில்லை. அதோசிந்தா அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் செருப்பைப் பார்த்தாள்.

"உக்காருங்க அண்ணி. வழி எல்லாம் சேறா இருந்திருக்குமே."

"இருந்தது."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. "மேல் அறையில. அப்பதான் கல்யாணமாகி வந்திருந்தேன். சத்தம் கேட்டுச்சு. தலையணையை வெச்சுக் காதைப் பொத்திக்கிட்டேன்."

"தடுக்கணும்னு தோணலையா?"

"தோணலை. அவர்கிட்ட எனக்குப் பயம். அப்புறம்... நீங்க இல்லைன்னா எனக்குப் பிறக்கற பிள்ளைக்கு நல்லதுன்னும் தோணுச்சு."

வெலாஸ்கோ மெல்லத் தலையாட்டினான்.

"அழுது புரண்டேன், காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன்னு சொல்லியிருந்தீங்கன்னா எழுந்து உள்ளே போயிருப்பேன். சரி. இப்ப கேளுங்க."

அதோசிந்தா கேட்டாள். நான்கு வார்த்தைதான் பேசினாள். "என் பிள்ளையைக் காப்பாத்துங்க கொழுந்தனாரே."

அவன் தன் நிபந்தனைகளைச் சொன்னான். பிள்ளை தாயோடுதான் படுக்க வேண்டும். அந்த அறைச் சாவி அவளிடமே இருக்கட்டும். பிள்ளைக்கான சாப்பாட்டை அவளே முன்னின்று சமைக்க வைக்கட்டும். இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அவளே யோசித்துவைத்திருந்தாள். கேட்கும்முன் அவனே சொல்லிவிட்டான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"கண்ணு போன அந்த நாள், அறுவடை மாதத்துல வரும். வருஷா வருஷம் அன்னிக்கு மட்டும் பிள்ளையை என் பக்கத்துல விடாதீங்க. நான் கூப்பிட்டாலும் விடாதீங்க."

லோபேயிடம் சொல்லும் வேலை ஒனேகாவுக்கு. அவர் எல்லைக் கோட்டையிலிருந்து வந்து குதிரையை விட்டு இறங்குவதற்குள் சொல்லிவிட்டாள், இறங்கிவிட்டால் தனக்குத் தைரியம் போய்விடும் என்று.

"குருடரை ராஜாவாக்கறீங்களா?" லோபே குதிரை மேலிருந்தே கேட்டார்.

"நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்க மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். அந்த யோசனையில் அவருக்கு என்ன லாபம் தெரிந்தது என்பதை அவள் நன்றாகவே பார்த்தாள். "பார்த்துக்கலாம்," என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "நான் கேட்டது நாட்டுக்காக மட்டும்னு நெனச்சீங்களா?" என்றார்.

"என்னது? காது கேக்கலை," என்றாள் ஒனேகா.

அவர் திரும்பச் சொல்லவில்லை. அவளுக்கு அது நன்றாகவே கேட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் சுவீகாரம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எடுப்பவர் மிகப் பெரிய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார். பிள்ளை கீழ்ப்பக்கமாக அதற்குள் நுழைந்து, உடம்போடு ஒட்டி மேலேறி, கழுத்து வழியாகத் தலையை வெளியே நீட்ட வேண்டும். அப்படி வந்துவிட்டால் அவன் பெற்ற பிள்ளைக்குச் சமம், பிறகு எந்தச் சபையும் மறுக்க முடியாது. மடத்துப் பெண்கள் உட்கார்ந்து வெள்ளைத் துணியில் கூடாரம்போல ஒரு சட்டை தைத்தார்கள்.

புனித மார்ட்டின் திருநாளன்று பேராலயம் நிறைந்திருந்தது. முதலில் வெலாஸ்கோ பீடத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். ஆயர் எண்ணெய் பூசினார். பிரபுக்கள் ஒவ்வொருவராக வந்து கையை முத்தமிட்டார்கள். ஒவ்வொருவர் பேரையும் அவர்கள் வாய் திறக்கும்முன் வெலாஸ்கோ சொன்னபோது, முன்வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடையை வைத்துச் சொன்னான், அவ்வளவுதான்.

பிறகு அந்தச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்தான்.

அதோசிந்தா மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அஸ்னார் அதற்குமுன் சித்தப்பாவைப் பார்த்ததில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்ததும் அம்மாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நான் போகமாட்டேன்."

"போடா கண்ணா. உள்ளே போய் மேல வந்துடணும். விளையாட்டுதான்."

"இருட்டா இருக்கும்."

வெலாஸ்கோ குனிந்தான்.

"ஆமா, இருட்டாத்தான் இருக்கும். எனக்கு எப்பவும் இருட்டுதான். நான் வழி சொல்றேன், வா."

பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தவழ்ந்து உள்ளே போனான்.

துணிக்குள் ஒரு சின்னப் புடைப்பு மெதுவாக மேலேறுவதை எல்லாரும் பார்த்தார்கள். வயிற்றருகே அது நின்றுவிட்டது. வெளியே வரவில்லை. வெலாஸ்கோவின் இரண்டு கைகளும் சட்டைக்குள் இருந்தன. தலையைக் குனிந்து கழுத்துப்பட்டி வழியாக உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அதோசிந்தா ஓரடி முன்னால் வைத்தாள். ஒனேகா அவள் கையைப் பிடித்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று அந்த நேரத்தில்தான் ஒனேகாவுக்கு முதன்முறையாக உறைத்தது. இந்த ஆளைப் பன்னிரண்டு வருடம் கூடவே வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு உண்மையில் தெரியாது.

உள்ளிருந்து பையன் கத்தினான். "காலு மாட்டிக்கிச்சு!"

"எந்தக் காலு?"

"தெரியலையே!"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது பரவியது. ஆயர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். வெலாஸ்கோ பையனைத் தூக்கித் திருப்பிவிட, கழுத்துப்பட்டி வழியாகக் கலைந்த தலை ஒன்று வெளியே வந்தது. இருவர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. வெலாஸ்கோ கைகளை வெளியே எடுத்து அந்த முகத்தைத் தடவினான். நெற்றி, கன்னம், பிறகு கண்கள். இரண்டு கட்டை விரல்களும் பையனின் மூடிய இமைகள் மேல் நின்றன.

சிரிப்பு அடங்கிவிட்டது.

"மூக்கு அப்படியே ஃபோர்துன் மூக்கு," என்று வெலாஸ்கோ உரக்கச் சொன்னான். விரல்களை எடுத்துவிட்டு இமைகளில் முத்தமிட்டான். "இவன் என் மகன். எனக்குப் பின்னாடி இவன் உங்க ராஜா. கேட்டுச்சா லோபே?"

"கேட்டுச்சு ராஜா," என்றார் லோபே.

அதோசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மேற்கு ராஜா வசந்தத்தில் படையோடு வந்தார். அரசன் இல்லாத நாட்டில் மருமகனின் உரிமையைக் காக்க வந்ததாகச் சொல்லி அனுப்பினார். வெலாஸ்கோ குதிரை ஏறினான்; இரு பக்கமும் இரண்டு வீரர்கள் கடிவாளத்தைத் தங்கள் சேணத்தோடு கட்டிக்கொண்டார்கள். கணவாயின் வாயில் போய் நின்று, நாட்டில் அரசன் இருக்கிறான், மருமகனுக்குத் தகப்பனும் இருக்கிறான் என்று பதில் அனுப்பினான். லோபேயும் ஆட்களோடு பக்கத்தில் நின்றார். சின்னதாக ஒரு மோதல் நடந்தது. மேற்கிலிருந்து வந்த பிரபுக்களுக்கு அந்த மலையில் உயிரை விட மனம் இல்லை. பனி முழுக்க உருகுமுன் திரும்பிப் போய்விட்டார்கள்.

தலையாட்டும் ராஜா கிடைப்பார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த வருடமே லோபேயின் கோட்டைகளில் ஒன்றை வெலாஸ்கோ எடுத்துக்கொண்டான். லோபே கத்தினார், பிறகு தெற்குப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு பணக்கார விதவையைக் கட்டிக்கொண்டு மீதி இரண்டு கோட்டைகளோடு அமைதியானார். அந்தத் திருமணத்துக்கு ஒனேகா போனாள், நன்றாகச் சாப்பிட்டாள், சீக்கிரம் திரும்பிவிட்டாள். வெலாஸ்கோ நல்ல அரசன் என்று எல்லாரும் சொல்லமாட்டார்கள். கை கடுமையானவன். திருடர்களுக்குத் தூக்கு போட்டான். எதிர்த்துப் பேசுகிறவரைப் பேச விட்டுவிட்டுப் பிறகு நொறுக்குவான். ஆனால் யாருடைய கண்ணையும் எடுக்கவில்லை.

அறுவடை மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அஸ்னாரை மடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காரணத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. வெலாஸ்கோ அன்று முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பான். ஒருமுறை கதவுக்குப் பின்னாலிருந்து பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். அதோசிந்தா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், யாரையும் அனுப்பவில்லை.

பன்னிரண்டு வயதானபோது அஸ்னார் மடத்துக்குப் போக மறுத்தான். வேலைக்காரர்கள் யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். நேராகப் போய் அந்த அறைக் கதவைத் தட்டினான்.

"யாரு?"

"நான்தான்ப்பா."

"இன்னிக்கு வரக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? போ."

"தெரியும். அதான் வந்தேன்."

நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அதோசிந்தாவும், அன்று கோட்டைக்கு வந்திருந்த ஒனேகாவும் வெளியே நின்றார்கள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. ஒனேகா நல்ல காதைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்கப்பா ஏன் உங்களை அப்படிப் பண்ணார்?"

"நாட்டுக்காக."

"நீங்க அவர் இடத்துல இருந்து, அவர் பிடிபட்டிருந்தா?"

கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நானும் அதையேதான் பண்ணியிருப்பேன். கம்பி தயாரா வெச்சிருந்தேன். அவன் முந்திக்கிட்டான்."

பையன் வெளியே வரவில்லை. ஒனேகா எட்டிப் பார்த்தபோது அவன் தரையில் உட்கார்ந்து வெலாஸ்கோவின் முழங்காலில் சாய்ந்திருந்தான். வெலாஸ்கோவின் கை அவன் தலையில் இருந்தது. சாயங்காலம் இருவரும் ஒன்றாக இறங்கி வந்து சாப்பிட்டார்கள். ஆட்டுக்கறியில் உப்பு அதிகம் என்று வெலாஸ்கோ சமையற்காரியைத் திட்டினான். அதற்குப்பின் அந்த நாளில் யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

அஸ்னாருக்குப் பதினாறு நடந்தபோது வெலாஸ்கோ மார்ச்சளியில் இறந்தான். ஃபோர்துனுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. பிரபுக்கள் அங்கேயே வைக்கலாம் என்றார்கள். அதோசிந்தா சம்மதிக்கவில்லை. "உசிரோட இருந்தப்ப ஒரு நாட்டுல இடம் பத்தலை. செத்த பிறகாவது தள்ளி இருக்கட்டும்," என்றாள். மடத்தின் ஆப்பிள் மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். ஒனேகா அங்கேயே தங்கி அவன் அறையைத் தானே காலி செய்தாள். இடையர்கள் அதன்பிறகு தங்கள் தகராறுகளை அவளிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். காது கேட்காது என்று சொல்லிப் பார்த்தாள், அவர்கள் கத்திச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

முடிசூட்டும்போது அரசன் பீடத்தின் முன் நின்று தன் பேரும் தகப்பன் பேரும் சொல்ல வேண்டும். புது ஆயர் இளைஞர், எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைப்பவர்.

"நீர் யார்?"

"அஸ்னார். ஃபோர்துன் மகன், வெலாஸ்கோ மகன்."

ஆயர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு பேர்தான் சொல்லணும் ராஜா."

"எனக்கு இரண்டு பேர். இரண்டையும் எழுதிக்கோங்க."

ஆயர் பிரபுக்களைப் பார்த்தார். முன்வரிசையில் நரைத்த தாடியோடு நின்ற லோபே, மேலே நடத்துங்கள் என்பதுபோலக் கையை ஆட்டினார். அர்பேசாவில் மூன்று தலைமுறையில் முன்னும் பின்னும் யாரும் வாள் உருவாமல் அரியணை கைமாறியது அன்றுதான். ஒனேகா தூணோரமாக நின்று அழுதாள். பிறகு வெளியே வந்து, மழைக்கு முன் மடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கழுதையைக் கொண்டுவரச் சொன்னாள்.